வைசாலிக் கணமும் வருணனின் விரதமும்





பகவான் மகாவீரரின் வரலாற்றை நம் இல்லத்துக் குழந்தைகளுக்குக் கூறும்போது, சித்தார்த்த மகாராசருக்கும் திரிசலா தேவியாருக்கும் இளவரசராகத் தோன்றினார் என்று தொடங்குவது வழக்கம். நாள்காட்டிப் படங்களிலும் மணிமுடியும் சிங்காதனமும் வெண்கொற்றக் குடையும் வரையப்படுகின்றன. இவ்வழக்கைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. ஆயினும், 'ராஜா' என்னும் சொல் கங்கையின் தென்கரையிலிருந்த மகதத்தில் ஒரு பொருளையும், வடகரையிலிருந்த வைசாலி நாட்டில் முற்றிலும் வேறொரு பொருளையும் தந்தது என்பதை நம்மவர் பலர் அறிந்திலர். மகதத்தில் ராஜா ஒருவரே. வைசாலியிலோ ராஜாக்கள் ஆயிரக்கணக்கினர்! பகவானின் தந்தையார் அத்தகைய ராஜாக்களுள் ஒருவர் என்பதே வரலாற்றறிஞர் பலரின் துணிபு. கூடிப் பேசி முடிவெடுக்கும் கணராச்சியம் ஒன்றில் அவர் ஓர் உறுப்பினர். பகவான் அவதரித்தது ஒரு குடியரசில் என்று கூறினும் பொருந்தும்.

இவ்வரலாற்றை வடசென்னை வாசகர்க்குச் சிறப்பாக எடுத்துரைக்க விரும்புவதற்குக் காரணம் உண்டு. இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலோரமாய் நீண்டு கிடக்கும் இப்பகுதியில் வாழும் நம்மவருள், துறைமுகத்தையோ அதனை ஒட்டிய ஆலைகளையோ சாராதவர் மிகச் சிலர். சரக்கு அனுப்புவோர், சுங்க அலுவல் பார்ப்போர், இரும்புக் கடை வைத்திருப்போர், ஷிப்டு முறையில் பணிபுரிவோர் எனப் பலர்க்கும் துறையே வாழ்வு. வைசாலிக் கணம் பகைக்கு ஆளானதற்குப் பழைய உரைநூல் ஒன்று கூறும் காரணமும் ஒரு துறையே ஆகும். அதனைப் பின்னர்க் கூறுவோம்.

பகவானின் காலத்தில் வட பாரதத்தில் பதினாறு மகாஜனபதங்கள் இருந்தன என நூல்கள் கூறும். அவற்றுள் மகதம், கோசலம், வத்சம், அவந்தி முதலியன முடியாட்சிகள். வஜ்ஜி நாடும் மல்ல நாடும் கணராச்சியங்கள். லிச்சவியர், விதேகர், ஞாத்ருகர் முதலான குலங்கள் ஒன்றுபட்டு அமைத்துக்கொண்ட கூட்டாட்சியே வஜ்ஜி. குலங்கள் எட்டு என்பது மரபு. ஞாத்ருகர் குலத்தையே நம் நூல்கள் நாத வம்சம் என்று போற்றுகின்றன. தலைநகர் வைசாலி. கண்டகி ஆற்றுக்குக் கிழக்கே, இன்றைய பீகார் மாநிலத்தில், பசாட் என்னும் சிற்றூரைச் சூழ்ந்துள்ள மேடுகளே அப்பழம்பதி எனப் 19ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டர் கன்னிங்காம் கண்டறிந்தார். 1972இல் அப்பகுதி தனி மாவட்டமாக்கப்பட்டு, வைசாலி என்னும் பழம்பெயரையே பெற்றது.

வைசாலித் தலைவர் சேடகர் பகவானுக்கு நெருங்கிய உறவினர். திரிசலா தேவியார் சேடகரின் தங்கையார் என்பது சுவேதாம்பர மரபு. அவருடைய மூத்த மகளார், பிரியகாரிணி எனவும் வழங்கப்பெற்றவர் என்பது நம் திகம்பர மரபு. இரு மரபினரும் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் இராயபுரத்தில் இவ்வேறுபாட்டை எண்ணி நாம் மயங்க வேண்டுவதில்லை. தாய்வழியில் பகவான் வைசாலிக்கு உரியவர் என்பதில் இரு சாராரும் ஒன்றே. சுவேதாம்பர ஆகமங்கள் அவரை 'வைசாலியர்' என்றே அழைக்கின்றன.

இனி அக்கணத்தின் ஆட்சிமுறையைச் சிறிது காண்போம். நகரின் நடுவே சந்தாகாரம் எனப்படும் மன்றம் இருந்தது. முரசு அறைந்தவுடன் குலத்தலைவர் யாவரும் அங்கே கூடினர். போரோ, உடன்படிக்கையோ, நீராடும் குளத்தின் காவலோ, எதுவாயினும் அம்மன்றத்திலேயே பேசப்பட்டது. பௌத்த ஜாதக உரை இத்தலைவரின் தொகையை 7707 என்கிறது. ஒவ்வொருவருக்கும் ஓர் உபராஜா, ஒரு சேனாபதி, ஒரு பண்டாரி உண்டு என்றும் கூறுகிறது. இவ்வெண்ணை எழுத்துக்கு எழுத்து நம்புதல் வேண்டா. ஆட்சி ஒருவர் கையில் இல்லாமல் பெருந்தொகையினரிடம் பரந்து கிடந்தது என்பதே அதன் கருத்து. புதிதாகத் தலைமை ஏற்போர் நீராடுதற்கென ஒரு புனிதப் புஷ்கரிணியும் இருந்தது. அதில் வேறெவரும் இறங்காதபடி காவல் இட்டிருந்தனர்.

கருத்து வேறுபாடு எழுந்தால் வண்ணக் குச்சிகளைக் கொடுத்துப் பெரும்பான்மையை அறியும் முறையொன்று பௌத்த சங்கத்தின் விநய நூல்களில் காணப்படுகிறது. துறவோர் சங்கம் இம்முறையைக் கணராச்சியங்களிடமிருந்தே பெற்றிருத்தல் வேண்டும் எனக் காசி பிரசாத் ஜெயஸ்வால் 1924இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். அரசியல் நிர்ணய சபையில் 1949 நவம்பர் 25 அன்று ஆற்றிய உரையில் டாக்டர் அம்பேத்கரும், பாரதம் ஒருகாலத்தில் கணராச்சியங்கள் நிறைந்த நாடாயிருந்தது என்பதையும், கூட்ட நடைமுறை விதிகளைப் பௌத்த சங்கங்கள் நன்கறிந்திருந்தன என்பதையும் நினைவூட்டினார்.

நம் சமயச் சொற்களிலும் அச்சுவடு பதிந்துள்ளது. கணம், சங்கம் என்னும் இரண்டும் முதலில் இத்தகைய ஆட்சிக்குழுக்களைச் சுட்டிய சொற்கள். பாணினியின் இலக்கணத்திலும் அப்பொருளில் காணப்படுவன. பகவானின் தலைமாணாக்கர் பதினொருவரைக் கணதரர் என்கிறோம். முனிவர், ஆர்யிகையர், சிராவகர், சிராவகியர் ஆகிய நால்வகையினரையும் சேர்த்துச் சங்கம் என்கிறோம். 470இல் மதுரையில் வச்சிரநந்தி நிறுவியதும் திரமிள சங்கமே. நாள்தோறும் நாம் உச்சரிக்கும் இச்சொற்களுக்குள் வைசாலி மன்றத்தின் ஒலி அடங்கியிருக்கிறது என்பதை நம்முள் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கின்றோம்?

பெருமை பேசும்போது உண்மையை மறைத்தல் சத்திய விரதத்திற்கு ஒவ்வாது. வைசாலி மன்றத்தில் அமர்ந்தோர் யாவரும் க்ஷத்திரியக் குலத்தலைவரே. உழவரும் கைவினைஞரும் கூலியாட்களும் அடிமைகளும் அங்கே குரலற்றவர், பெண்டிரும் அப்படியே. இன்றைய பொருளில் அது மக்களாட்சி அன்று. பகவானின் சங்கமோ அம்மன்றத்தினும் அகன்ற வாயிலை உடையது. அடிமையாய் விற்கப்பட்டுத் துயருற்ற சந்தனை அச்சங்கத்தில் பெண் துறவியர்க்குத் தலைவியானார். அவர்கீழ் இருந்தோர் 36,000 பேர் எனக் கல்பசூத்திரம் கணக்கிடுகிறது. சண்டாளர் குடியில் பிறந்த ஹரிகேசபலர் முனிவராகிப் போற்றப்பட்டார். கணத்தின் கூட்டமுறையை ஏற்று, குலத்தின் வேலியை நீக்கியது பகவானின் சங்கம் என்றே நாம் கருதுகின்றோம்.

தமிழகத்தில் இதற்கு இணையான கணராச்சியம் இருந்ததில்லை. மூவேந்தரும் குறுநில மன்னரும் ஆண்ட நாடு இது. ஆயினும் ஊரளவில் கூடிப் பேசும் மரபு வேரூன்றியிருந்தது. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. 35 வயதுக்குக் குறையாமலும் 70 வயதுக்கு மேற்படாமலும் இருத்தல், வரி செலுத்தும் நிலமும் தன் மனையில் வீடும் உடைமை, கணக்குக் காட்டாமல் விட்டவரையும் அவர்தம் உறவினரையும் விலக்குதல் என விதிகள் வகுக்கப்பட்டன. நமக்கு இன்னும் அருகிலேயே சான்று வேண்டுமாயின் திருவொற்றியூர்க் கோயிற் கல்வெட்டுகளைக் காணலாம். இன்று புகைபோக்கிகளால் அறியப்படும் மணலி, அக்கல்வெட்டுகளில் சிங்கவிஷ்ணு சதுர்வேதிமங்கலம் எனப் பெயர் தாங்கிச் சபையோடு விளங்கிய ஊர். அங்கும் சபையில் அமர்ந்தவர் நிலமுடைய அந்தணரே. வைசாலியின் குறை நம் ஊர்களையும் விட்டுவிடவில்லை.

இனித் துறையின் கதைக்கு வருவோம்.

கங்கைக் கரையில் ஒரு துறைப்பட்டினம் இருந்தது. அதில் பாதி மகத வேந்தன் அஜாதசத்ருவுக்கு உரியது. பாதி லிச்சவியர்க்கு உரியது. அருகிலிருந்த மலையடிவாரத்திலிருந்து விலைமிக்க நறுமணப் பொருள் அத்துறைக்கு வந்து இறங்கும். அஜாதசத்ரு இன்று போவோம், நாளை போவோம் என்று காலந்தாழ்த்துவான். லிச்சவியரோ ஒன்றுபட்டு முன்னரே வந்து முழுவதையும் எடுத்துச் செல்வர். இவ்வாறு ஆண்டுதோறும் நிகழவே, இவர்களை வேரோடு அழிப்பேன் என்று அவன் சினந்து எழுந்தான். 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புத்தகோசர் தம் பாலி உரையில் தரும் செய்தி இது.

இதனைப் படிக்கும்போது நமக்குச் சற்றே நகைப்பும் வருகிறது; கவலையும் வருகிறது. பாதிப் பங்கு உடையோர் முழுப் பொருளையும் அள்ளிச் சென்றனர் என்பது லிச்சவியருக்குப் புகழ் சேர்ப்பதா? ஒற்றுமை என்பது பிறர் பங்கைக் கவர்தற்குக் கருவியாயின், அஃது அசௌரிய விரதத்தின் முன் நில்லாது. சென்னைத் துறைமுகத்திற்கும் 2001இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகத்திற்கும் இடையே கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையில் நடந்து பழகிய நமக்கு, எந்தச் சரக்கு யாருக்கு முதலில் இறங்குவது என்னும் பூசல் எத்தனை பகைகளை வளர்க்கும் என்பதை விளக்க வேண்டுவதில்லை. வைசாலியின் அழிவுக்கு மகதத்தின் பேராசையை மட்டும் காரணமாக்கி நாம் தப்பித்துக்கொள்ளல் இயலாது.

படையெடுக்குமுன் அஜாதசத்ரு தன் அமைச்சர் வர்ஷகாரரைக் கௌதம புத்தரிடம் அனுப்பிக் கருத்தறிந்தான் என மகாபரிநிப்பாண சுத்தம் கூறுகிறது. வஜ்ஜியர் அடிக்கடி கூடுகின்றனரா, ஒருமித்துக் கூடி ஒருமித்து எழுகின்றனரா, முன்னோர் வகுத்த நெறியைப் பேணுகின்றனரா, முதியோர் சொல்லுக்குச் செவி சாய்க்கின்றனரா, பெண்டிரை வலிந்து கவராதிருக்கின்றனரா, தம் சைத்தியங்களைப் போற்றுகின்றனரா, அறவோரைக் காக்கின்றனரா என்று புத்தர் ஒவ்வொன்றாகக் கேட்டார். இவை உள்ளளவும் அவர்க்கு வீழ்ச்சியில்லை என்று விடையிறுத்தார். வர்ஷகாரர் அதைக் கேட்டு உடனே தம் வழியைக் கண்டுகொண்டார். போரால் வெல்ல இயலாதவரைப் பிளவால் வெல்லலாம் அன்றோ!

மன்னனோடு பிணங்கியவர் போல் நடித்து அவர் வைசாலியில் புகலடைந்தார். அறிவும் நயமும் உடையவராதலின் லிச்சவியர் அவரைப் பதவி தந்து வைத்துக்கொண்டனர். அவர் செய்ததெல்லாம் மிக எளிய ஒரு செயல். ஒரு லிச்சவியரைத் தனியே அழைத்து, உங்கள் வயலில் ஏர் உழுகின்றனரா என்று கேட்பார். ஆம், இரண்டு எருதுகள் பூட்டி உழுகின்றனர் என்பார் அவர். அவ்வளவே பேச்சு. பிறகு மற்றொருவர் வந்து, அமைச்சர் தனியே என்ன சொன்னார் என்று வினவுவார். ஏர் உழுவதைப் பற்றிக் கேட்டார் என்றால் எவர் நம்புவர்? இதை மறைக்கின்றார் என்று மனம் கசக்கும். வேறொருவரிடம், இன்று என்ன கறியோடு உண்டீர் என்பார். இன்னொருவரிடம், நீங்கள் கோழை என்று இன்னார் சொல்கின்றாரே, மெய்தானா என்பார். மூன்று ஆண்டுகளில் இருவர் ஒரு வழியில் சேர்ந்து நடவாத நிலை வந்தது. பின்னர் மகதப் படை வந்தது. முரசு அறைந்தனர். தலைவர் கூடுக, வீரர் கூடுக என்று முரசு முழங்கியது. நாம் தலைவரல்லோம், நாம் வீரரல்லோம், தலைவர் எனப்பட்டோரே போகட்டும் என்று ஒவ்வொருவரும் தத்தம் இல்லத்திலேயே இருந்துவிட்டனர். நகரவாயில் திறந்தே கிடந்தது என்று உரை முடிக்கிறது.

நம் ஆகம மரபு இதே போரை வேறு கோணத்திலிருந்து காட்டுகிறது. அங்கே இது குடும்பப் போர். சேடகரின் மகளார் சேலனை மகத வேந்தர் சிரேணிகரை மணந்தவர். அவர் மகனே கூணிகன் எனப்படும் அஜாதசத்ரு. தந்தையைச் சிறையிட்டு அரியணை ஏறிய கூணிகன், தம்பி வேஹல்லனிடமிருந்த சேசனகம் என்னும் யானையையும் பதினெட்டு வடம் கொண்ட ஆரத்தையும் தன் அரசியின் தூண்டுதலால் கேட்டான். வேஹல்லன் அஞ்சி, பாட்டனார் சேடகரிடம் அடைக்கலம் புகுந்தான். திருப்பி அனுப்புமாறு தூது வந்தது. இருவரும் எனக்குப் பேரன்மாரே, அவனுக்குரிய பாதி நாட்டைக் கொடுத்துவிட்டு யானையைக் கேட்கட்டும் என்று சேடகர் மறுமொழி விடுத்தார். அதன்பின் அவர் தனித்து முடிவு செய்யவில்லை. காசி, கோசல நாடுகளைச் சார்ந்த ஒன்பது மல்லகியரும் ஒன்பது லிச்சவியருமாகிய பதினெட்டுக் கணராஜாக்களை அழைத்து, அடைக்கலம் புகுந்தவனை அனுப்புவதா, போரிடுவதா என்று கேட்டார். புகலடைந்தவனை அனுப்புதல் தகாது என்று அவர்கள் ஒருமித்துக் கூறினர். இச்செய்தி நிரயாவலிகா சூத்திரத்தில் உள்ளது. மகதத்தில் ஓர் அரசியின் ஆசை போரை மூட்டியது. வைசாலியில் ஒரு மன்றம் அமர்ந்து அதன் சுமையை ஏற்றது. இவ்வேறுபாடு நம் நெஞ்சில் நிற்கத் தக்கது.

சேடகர் விரதமுடைய சிராவகர். நாளொன்றுக்கு ஓர் அம்புக்கு மேல் விடுவதில்லை என்பது அவர் நியமம். விட்ட அம்பு தவறியதும் இல்லை. பத்து நாட்களில் கூணிகனின் மாற்றாந்தாய் மக்கள் பதின்மர் வீழ்ந்தனர். பின்னர்க் கூணிகன் புதிய பொறிகளைக் களத்தில் இறக்கினான். ஒன்று மகாசிலாகண்டகம், அதனால் எறியப்படுவது சிறு துரும்பாயினும் பெரும்பாறை போல் தாக்குமாம். மற்றொன்று ரதமுசலம், ஓட்டுவோரின்றி உலக்கை சுழற்றிக்கொண்டு ஓடும் தேர். முதற்போரில் 84 இலட்சம் பேரும் இரண்டாவதில் 96 இலட்சம் பேரும் மாண்டனர் எனப் பகவதி சூத்திரம் கூறுகிறது. இது நூல்மரபில் வரும் பேரெண்; அழிவின் பெருமையைக் காட்டவே வந்தது.

இங்கே கௌதம கணதரர் பகவானிடம் ஒரு வினா எழுப்புகிறார். போரில் மாண்டவர் சுவர்க்கம் புகுவர் என்று உலகோர் கூறுகின்றனரே, அது மெய்யா? மெய்யன்று என்கிறார் பகவான். சொந்தத் தாய்வழிப் பாட்டனாரின் நாடு, தம் குலத்தார் அமர்ந்த மன்றம், நியாயமும் பெரும்பாலும் அப்பக்கமே. ஆயினும் பகவான் ஒரு சொல்லும் சலுகையாகக் கூறவில்லை. ரதமுசலப் போரில் மாண்ட 96 இலட்சத்தவருள் ஒருவரே தேவரானார், ஒருவரே நற்குடியில் மனிதராய்ப் பிறந்தார் என்கிறார். பதினாயிரவர் ஒரு மீனின் வயிற்றில் கருவாயினர். மற்றையோர் பெரும்பாலும் நரகத்திலும் விலங்குப் பிறப்பிலும் விழுந்தனர்.

தேவரான அவ்வொருவர் வைசாலியைச் சேர்ந்த வருணன். நாகன் என்பவரின் பேரன். சிராவக விரதங்களைப் பேணி வந்தவர். இரண்டு நாள் உபவாசம் இருந்த வேளையில் அரசாணையும் கணத்தின் ஆணையும் அவரைப் போருக்கு அழைத்தன. அவர் மறுக்கவில்லை, உபவாசத்தைக் கைவிடவும் இல்லை. இரண்டு நாளை மூன்று நாளாக நீட்டிக்கொண்டு தேரேறினார். என்னை முதலில் தாக்குவோனையன்றி வேறெவரையும் தாக்கேன் என்று உறுதி பூண்டார். எதிரே தேரில் வந்த வீரன், அடி என்றான். நீ முதலில் அடி என்றார் வருணன். அவன் எய்த அம்பு இவர் மேனியில் ஆழப் பாய்ந்தது. அதன்பின் இவர் எய்த ஓர் அம்பில் அவன் வீழ்ந்தான். உயிர்நிலையில் காயமுற்றதை உணர்ந்த வருணன் தேரைத் திருப்பிக் களத்திற்கு அப்பால் தனியிடம் சென்றார். குதிரைகளை அவிழ்த்து விட்டார். தருப்பையைப் பரப்பிக் கிழக்கு நோக்கி அமர்ந்து, அருகரையும் பகவானையும் வணங்கி, வாழ்நாள் முழுமைக்கும் எல்லா ஹிம்சையையும் துறப்பதாக விரதம் ஏற்றார். கவசத்தைக் களைந்தார். அம்பைப் பிடுங்கினார். செய்த தீங்குகளை எல்லாம் ஆலோசனை செய்து, சமாதியுற்று உயிர் நீத்தார்.

அவருக்கு இளமை தொட்டு ஒரு தோழன் இருந்தான். அவனும் அதே போரில் காயமுற்று, வருணன் களத்தினின்றும் விலகிச் செல்வதைக் கண்டு பின்தொடர்ந்தான். தானும் தருப்பை விரித்து அமர்ந்தான். விரதங்களின் பெயர்களை அவன் அறியான். என் அன்புத் தோழன் வருணனுக்கு என்னென்ன சீலங்களும் விரதங்களும் உண்டோ, அவை எனக்கும் ஆகுக என்று மட்டும் எண்ணினான். நற்குடியில் பிறந்த அவ்வொருவன் இவனே.

இக்கதையில் நமக்கு உரிய கடினமான செய்தி ஒன்று உண்டு. வருணன் ஓர் உயிரைக் கொன்றார். நூல் அதனை மறைக்கவில்லை. இல்லறத்தாரின் ஹிம்சையை நம் ஆசாரியர் நால்வகையாகப் பிரித்துள்ளனர்: மனம் கொண்டு கொல்லும் சங்கல்பி, சமைத்தல், வீடு கட்டுதல் முதலியவற்றால் நேரும் ஆரம்பி, தொழிலால் நேரும் உத்யோகி, தற்காப்பால் நேரும் விரோதி. முதலாவதனை முற்றத் துறத்தல் வேண்டும். மற்றவற்றை இயன்றவரை குறைத்தலும், நேர்ந்தபோது அதனை ஹிம்சையென்றே ஒப்புக்கொண்டு வருந்துதலும் சிராவகன் கடமை. கொதிகலன் அருகிலும் எண்ணெய்க் குழாய்களுக்கு இடையிலும் பணிபுரியும் நம்மவர், 'உத்யோகி' என்னும் சொல் தம் வாழ்வை எவ்வளவு நேராகத் தொடுகிறது என்பதை அறிவர். வருணன் கணத்தின் அழைப்பைக் காரணங்காட்டித் தம் விரதத்தை விடவில்லை. விரதத்தைக் காரணங்காட்டிக் கணத்தின் அழைப்பையும் தட்டவில்லை. இரண்டும் மோதிய இடத்தில் அவர் தம் உடம்பை வைத்தார்.

புத்தகோசர் காட்டும் வைசாலியரையும் பகவதி காட்டும் வருணனையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். முரசொலி இருவர் காதிலும் விழுந்தது. முன்னவர் பிறர் போகட்டும் என்றனர். பின்னவர் உண்ணா நோன்போடு எழுந்தார்.

முரசு இன்று நமக்குத் தபாலில் வரும் ஒரு பழுப்பு அஞ்சலட்டை. சில வீடுகளில் கைபேசியில் வரும் குறுஞ்செய்தி. பொதுக்குழுக் கூட்டம், ஞாயிறு காலை பத்து மணி, அனைவரும் வருக என்று வருகிறது. பத்தரை வரை பாய்கள் காலியாகவே கிடக்கின்றன. வராதவர் யாவரும், அன்று மாலைக்குள் அங்கே பேசப்பட்டதைத் தவறாமல் கேட்டறிகின்றனர். அவர் உம்மைப் பற்றி என்ன சொன்னார் தெரியுமா என்று தொடங்கும் பேச்சுக்கு நம் தெருக்களில் பஞ்சமில்லை. வர்ஷகாரரை மகதத்திலிருந்து எவரும் அனுப்ப வேண்டியதில்லை. வந்தவாசி, திண்டிவனம் பகுதிகளிலிருந்து பிழைப்பு நாடி இங்கு வந்த குடும்பங்கள், ராஜஸ்தானத்திலிருந்தும் குஜராத்திலிருந்தும் தலைமுறைகளுக்கு முன் வந்த குடும்பங்கள், திகம்பரர், சுவேதாம்பரர் என்று நாம் சிறு சிறு குழுக்களாய் இருக்கின்றோம். எட்டுக் குலம் கூடி ஒரு வஜ்ஜியாக முடிந்தது அன்று. புழல் ஆதிநாதர் ஆலயத்திற்குச் செல்லும்போது மட்டும் ஒரே வரிசையில் நிற்கின்றோம். திரும்பும்போது தனித்தனி வண்டி.

நம் அண்டையாரைப் பாருங்கள். எண்ணூர் மீனவக் கிராமங்களில் ஊர்க்கூட்டம் என்றால் வீட்டுக்கொருவர் வந்தே தீர வேண்டும். அவர்தம் தொழில் நம் விரதத்திற்கு ஏற்றதன்று. அதை ஒளிக்க வேண்டுவதில்லை. ஆயினும் 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் மூச்சுத் திணறி வீதிகளில் ஓடிய பின்னர், பல கிராமத்தார் ஒருங்கே அமர்ந்து நாட்கணக்கில் நியாயம் கேட்டதை நாம் கண்டோம். அதே மாதம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் பரவியபோதும் அவர்களே கைகளால் அதனை அள்ளினர். அக்காற்றைத்தான் நம் குழந்தைகளும் சுவாசித்தன. அந்த அமர்வில் நம்மவர் எத்தனை பேர் சென்று ஒரு நாழிகையேனும் உட்கார்ந்தோம் என்பதை வாசகர் தாமே கணக்கிட்டுக்கொள்ளட்டும். நீர்வாழ் உயிர்கள் எண்ணெயில் மூழ்கி மடிவதைத் தடுத்தல் நம் அஹிம்சைக்குப் புறம்பான செயலன்று.

வைசாலியின் பிற்காலத்தையும் கூறிவிடுவோம். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் மகதம் அதனை விழுங்கியது. பாடலி கிராமத்தில் லிச்சவியரைத் தடுக்க எழுந்த கோட்டையே பின்னர்ப் பாடலிபுத்திரமாகி, இன்று பாட்னாவாக நிற்கிறது. லிச்சவியர் பெயர் அழியவில்லை. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் முதலாம் சந்திரகுப்தர் லிச்சவி குலத்துக் குமாரதேவியை மணந்து, அப்பெயரைப் பொற்காசில் பொறித்தார். அவர் மகன் சமுத்திரகுப்தர் தம்மை லிச்சவியரின் மகள் வழிப் பேரன் என்றே கல்வெட்டில் சொல்லிக்கொண்டார். 1903-04இல் பசாட்டில் தோண்டியபோது குப்தர் காலத்து மண் முத்திரைகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. வணிகர், சாத்துத் தலைவர், கைவினைஞர் ஆகியோரின் கூட்டுக் குழுக்கள் இட்ட முத்திரைகள் அவற்றுள் பல. மன்றம் போன பின்னும் வணிகரும் கைவினைஞரும் அங்கே கூடிக்கொண்டுதான் இருந்திருக்கின்றனர்.

தீபாவளியன்று நாம் ஏற்றும் விளக்கும் கணராஜாக்களோடு தொடர்புடையது. பாவாபுரியில் பகவான் நிர்வாணம் எய்திய அமாவாசை இரவில், அதே பதினெட்டுக் கணராஜாக்கள் உபவாசம் இருந்து, ஞான ஒளி மறைந்ததனால் புற ஒளியையேனும் ஏற்றுவோம் எனத் தீபங்களை ஏற்றினர் என்பது கல்பசூத்திரச் செய்தி. 783இல் ஜினசேனர் இயற்றிய ஹரிவம்ச புராணமும் தீபாவளியை அந்நிர்வாணத்தோடு இணைக்கிறது. அந்நிர்வாணத்தின் 2550ஆம் ஆண்டை 2024இல் நாம் கொண்டாடினோம்.

வைசாலிக்குச் செல்லும் யாத்திரிகர்க்கு ஒரு சொல். பசாட்டுக்கு அருகே வாசுகுண்டம் என்னும் ஊர் உண்டு. பகவானின் அவதாரத் தலம் எது என்பதில் நம் மரபினரிடையே வேறுபாடு இருப்பினும், அவ்வூரார் தம் நிலமே அது என்று நம்பி வந்துள்ளனர். அங்கே 1956இல் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் பிராகிருத, ஜைன, அஹிம்சை ஆய்வு நிறுவனத்திற்கு அடிக்கல் நாட்டினார். பகவான் பிறந்த இடம் என்று சொல்லி, அவ்வூர் உழவர் தலைமுறை தலைமுறையாக ஒரு துண்டு நிலத்தில் மட்டும் ஏர் ஓட்டாது விட்டு வந்தனர். அவர்கள் ஜைனர் அல்லர்.